அச்சனின் காப்பியில் கருப்பட்டி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் கோயிலைப் பள்ளி என்பார்கள். பங்குத்தந்தையை அச்சன் என்பார்கள். அச்சன் குடியிருக்கும் வீடு பள்ளிமேடை. மேடையின் சமையல்கட்டுக்குக் குசினி என்று பெயர். ஆலீஸ் அந்தக் குசினிக்குள் முதலில் நுழைந்தது ஒரு திருவிழாவன்று. விருந்துக்கு ஆள் போதாமல் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று அவள் வைத்த மீன்கறியைச் சாப்பிட்டுவிட்டு அப்போதைய அச்சன், "இவ நாளைக்கும் வரட்டு" என்றார். அதற்குப் பிறகு அவள் வராத நாளே இல்லை என்று சொல்லலாம். புருஷன் புஷ்பராஜ் விடிவதற்கு முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவான். பிள்ளைகள் பிறக்கவில்லை. வீட்டில் இரண்டு பேருக்கு உலை வைப்பதைவிட மேடையின் குசினியில் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் கையால் சாப்பிட்ட அச்சன்மாரில் மூன்றாமவர் விஜயதாஸ் அச்சன். தொண்ணூற்று மூன்றில் மாற்றலாகி வந்தார். ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். சாப்பிடுகிறபோதே குசினியைப் பார்த்துப் பேசுவார்.

"ஆலீஸே, புளி இன்னைக்குக் கொறச்சு முன்னால நிக்குது. நல்லாத்தான் இருக்கு, கேட்டியா."

காலையில் புட்டும் பழுத்த ஏத்தன் வாழைப்பழமும், மேலே சீனியும். பத்து மணிக்குக் கருப்பட்டிக் காப்பி. மத்தியானம் சோறு, மீன்கறி, தேங்காய் அரைத்த தீயல். சாயங்காலம் ஒரு பாத்திரம் நிறைய அவித்த மரச்சீனிக் கிழங்கு, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தி. பாத்திரம் வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வரும். ஆலீஸ் அந்தப் பாத்திரத்தைக் கழுவுகிறபோது அதை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு வேறு பாராட்டு தேவைப்படவில்லை.

தொண்ணூற்றைந்து மழைக்காலத்தில் அச்சனின் இடது காலில் செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. கன்னியர் மடத்தில் சின்ன டிஸ்பென்சரி நடத்திக்கொண்டிருந்த சிஸ்டர் ஜெபமலர்தான் முதலில் சந்தேகப்பட்டார். அச்சனின் சிறுநீரை வாங்கிப்போய் ஒரு நீல மருந்துத் தண்ணீரோடு சேர்த்து விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. நெய்யாற்றின்கரையில் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். சர்க்கரை. காலையும் மாலையும் மாத்திரை.

திரும்பி வந்த அன்றே சிஸ்டர் குசினிக்கு வந்தார்.

"சீனி, பழம், கருப்பட்டி எல்லாம் நிறுத்தணும் ஆலீஸ். சோறும் கிழங்கும் கொறைக்கணும். தேங்காயும் கொறையட்டு. நான் ஒரு நாளைக்கு வந்து இருந்து வெவரமா சொல்லித்தாறேன்."

அந்த ஒரு நாள் வரவில்லை. மடத்தில் காய்ச்சல்காரர் கூட்டம். ஆலீஸ் தனக்குத் தெரிந்த மட்டில் செய்தாள். தெரிந்தது என்னவென்றால், எதையெல்லாம் அச்சனுக்குப் பிடிக்குமோ அதையெல்லாம் எடுத்துவிடுவது. காலையில் கோதுமைக் கஞ்சி. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, உப்புப்போட்டு அவித்த காய். மாலையில் ஒன்றும் போடாத காப்பி, இரண்டு வறண்ட ரொட்டி. பயத்தோடு சமைத்த சாப்பாடு. அதை மேசையில் வைக்கும்போதே அவளுக்குக் கை கூசியது.

அச்சன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்கமுடியாமல் போனது. குசினியைப் பார்த்துப் பேசுவது நின்றுபோயிற்று. பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நீ எடுத்துக் குடி ஆலீஸே, வேஸ்டாக்காண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் பத்து மணிக் காப்பியில் ஆலீஸ் ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டாள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கருப்பட்டி மரத்திலிருந்து வருகிறது, ஆலையிலிருந்து வருவதில்லை. அது ஒன்றும் செய்யாது என்று ஊரில் எல்லாருமே சொல்வார்கள். அவளும் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அச்சன் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தார்.

"இன்னைக்குக் காப்பி நல்லா இருக்கு."

நகம் அளவு இருந்த துண்டு சில வாரத்தில் நெல்லிக்காய் அளவு ஆயிற்று. புட்டு திரும்ப வந்தது. தேங்காய்ப் பூவோடு கருப்பட்டியையும் சீவிக் கலந்துவிடுவாள், பார்த்தால் தெரியாது. மாலையில் கிழங்கும் வந்தது. அச்சன் மறுபடியும் குசினியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஆலீஸ் பாத்திரம் கழுவும்போது சிரித்துக்கொண்டாள். ஆனால் சிஸ்டரின் வெள்ளை உடுப்பு வாசலில் தெரிந்தால் கருப்பட்டிப் பானையை அரிசிச் சாக்குக்குப் பின்னால் நகர்த்திவைக்கும் அளவுக்கு, தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

மாதச் சோதனைக்கு மருந்துத் தண்ணீரை இந்தத் தடவை மேடையிலேயே காய்ச்சினார் சிஸ்டர். குசினி அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் அங்கேயே வைத்தார். ஆலீஸின் கண் முன்னால் நீலம் செங்கல் நிறமாயிற்று, முன்னைவிடக் கடுமையாக.

"மருந்து போதாது போல" என்றார் சிஸ்டர். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதமும் அதே நிறம். இன்னும் கூட்டினார். காலில் புண் ஆறாமல் நின்றது. அச்சன் பூசை வைக்கும்போது பீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஆலீஸ் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அச்சன் வெளிய எங்கயும் வல்லதும் திங்குதாரா?" என்று சிஸ்டர் அவளிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சிஸ்டர்."

வாயிலிருந்து அது எவ்வளவு எளிதாக வந்துவிட்டது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. சிஸ்டர் வேறு வழியில் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்களிடம் சொன்னார்: இனி யாரும் அச்சனுக்கு இனிப்புப் பலகாரம் கொண்டுவரக் கூடாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிருபாபாய் தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள். சந்தைக்கடையில் காய்கறி விற்கும் விதவை. வாரந்தோறும் பூசைக்கு வரும்போது இனிப்பு வைத்து இலையப்பம் அவித்து மேடையில் கொடுத்துவிட்டுப் போவாள். அச்சன் சர்க்கரை வந்த பிறகு அதில் ஒன்றுகூடத் தொட்டதில்லை. கோயில் வேலைக்கு வருகிறவர்கள்தான் தின்றார்கள். அது ஆலீஸுக்கு நன்றாகத் தெரியும்.

"கிருபாபாய், இதத்தான் நான் சொல்லுதேன்" என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிருபாபாய் தூக்குப் பாத்திரத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் பூசைக்கு வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் ஆலீஸ் சோறு உண்ணவில்லை. ஒரு முடிவுக்கு வந்தாள். நாளை முதல் ஒரு துண்டு கருப்பட்டிகூட இல்லை. புட்டு இல்லை, கிழங்கு இல்லை. சிஸ்டர் சொன்னபடி எல்லாம். யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. செய்த தப்பைச் செய்யாமல் விட்டால் போதும், அது தானாகவே கழுவிப்போய்விடும் என்று நினைத்தாள். திங்கட்கிழமை கருப்பட்டிப் பானையை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது. அச்சன் மறுபடி பேசாமல் போனார், அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கத்தின் பாதியில் அச்சனின் குரல் குழறியது. சொன்ன வாக்கியத்தையே திரும்பச் சொன்னார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து உடுப்பை நனைத்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். பீட வேலை பார்க்கும் கப்பியார் ஓடிப்போய்த் தாங்கினார். சிஸ்டர் ஜெபமலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

"சீனி. சீக்கிரம் சீனித் தண்ணி கொண்டு வா, ஆலீஸ்."

ஆலீஸ் ஓடினாள். ஒரு தம்ளரில் சீனியை அள்ளிப்போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். சிஸ்டர் அச்சனை நிமிர்த்திவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். விழுங்க விழுங்க அச்சனின் கண்ணில் தெளிவு வந்தது. இத்தனை நாள் கொடுக்கக்கூடாததைக் கொடுத்தவள், இப்போது எல்லார் கண்முன்னும் சீனியைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றியவளாக நின்றாள். "ஆலீஸ் ஓடின ஓட்டம் கண்டியா" என்று பின்னால் ஒருத்தி சொல்வது காதில் விழுந்தது. அவளுக்கு அங்கேயே தரையில் புதைந்துபோகலாம் போலிருந்தது.

டாக்டர் சொன்னதைச் சிஸ்டர் வந்து சொன்னபோதுதான் ஆலீஸுக்கு முழுவதும் விளங்கியது. மாத்திரை சர்க்கரையைக் கீழே இறக்கும். சாப்பாட்டிலும் சர்க்கரை இல்லாவிட்டால் அளவுக்குமேல் இறங்கிவிடும், ஆள் விழுந்துவிடுவார், கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

"பூசைக்காக வெறும் வயித்தில இருந்துட்டாரு, அதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. இனி கொறச்சு கஞ்சி குடிச்சிட்டுப் போவட்டு. குளிகை அப்படியே இருக்கட்டுன்னாரு."

அப்படியே இருக்கட்டும். அந்த மாத்திரை எதற்காகக் கூட்டப்பட்டது என்று உலகத்தில் ஆலீஸுக்கு மட்டும்தான் தெரியும். கருப்பட்டிக்காகக் கூட்டிய மாத்திரை. இப்போது கருப்பட்டி இல்லை. போட்டதும் ஒளித்து, நிறுத்தியதும் ஒளித்து.

புஷ்பராஜிடம் சொன்னாள். அவன் பீடியை அணைத்துவிட்டு யோசித்தான்.

"இனி மிண்டாத, வாயத் தொறக்காத. அச்சன் எழும்பி நடக்குதாருல்லா? சொன்னா குசினியில நிக்க விடுவாங்களா உன்னை?"

"அந்தக் குளிகைய அவரு தினமும் முழுங்குதாரு."

"டாக்டர் சொன்னதுதானே."

அவனிடம் சொன்னதில் பாரம் குறையவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்காக அச்சன் கோயிலில் உட்காருவார். ஆலீஸ் வரிசையில் கடைசியாக நின்றாள். வேறு கோயிலுக்குப் போயிருக்கலாம். பாறசாலையில் அவளைத் தெரியாத அச்சன்மார் உண்டு. ஆனால் அது ஏமாற்றுவதில் இன்னொரு வகை என்று தோன்றியது. முழங்காலிட்டு, மரக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். காப்பி, புட்டு, கிழங்கு, சிஸ்டரிடம் சொன்ன பொய், கிருபாபாய், சொல்லாமல் நிறுத்தியது.

 மறுபக்கம் அச்சன் கம்பிகளுக்கு நெருங்கிக் குனிந்தார்.

"செஞ்சதுக்கு மனஸ்தாபப்படுதியா?"

"படுதேன் சாமி."

"இஞ்ச கேட்டத நான் வெளிய எடுத்துட்டுப் போவ முடியாது. நாளைக்கு மேடையில நான் இதத் தெரியாதவனாக்கும். சிஸ்டர்ட்ட சொல்ல முடியாது. டாக்டர்ட்ட சொல்ல முடியாது. இத வச்சு எனக்க குளிகையக்கூட நான் மாத்த மாட்டேன். வெளியில சொல்லவேண்டியது நீதான். நான் கட்டாயப்படுத்தேல்ல. யோசிச்சுக்கோ."

மன்னிப்பு மந்திரத்தைச் சொல்லி அனுப்பினார். ஆலீஸ் எழுந்து வெளியே வந்தாள். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, ஆனால் சொல்லவேண்டியது இன்னும் மிச்சமிருந்தது.

ஞாயிறு பூசைக்கு முன்பு அச்சன் கஞ்சி குடித்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆலீஸ் கதவோரம் நின்று பார்த்தாள். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். கப்பியார் ஏதோ கேட்டுக்கொண்டு வந்ததும் மூடிக்கொண்டாள். பூசை முடியும் வரை அச்சனின் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள், எந்தச் சொல்லில் குழறும் என்று. அன்று குழறவில்லை.

திங்கட்கிழமை காலை. அச்சன் மேசையில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். உண்மையாகவே ஒன்றும் தெரியாத மனிதனைப் போல, "மழை வரும்போல இருக்கு" என்றார். மாத்திரைகளை உள்ளங்கையில் எடுத்தார். அவருக்குத் தெரியும். அந்த மாத்திரை தன்னை மறுபடி கீழே தள்ளலாம் என்று தெரிந்துகொண்டே, அவள் சொன்ன ரகசியத்தைக் காப்பதற்காக அதை வாய்க்குக் கொண்டுபோகிறார்.

"அச்சா, அத முழுங்காண்டாம்."

அவர் கை நின்றது. "ஏன்?"

அந்த "ஏன்" அவர் கேட்டே தீரவேண்டியது என்பது அவளுக்குப் புரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை சொன்னதையெல்லாம் பகல் வெளிச்சத்தில், அவர் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடி சொன்னாள். கும்பிட்டுக்கொண்டு சொல்வதைவிட இது கஷ்டமாக இருந்தது. சொல்லி முடிக்கையில் அழுதுகொண்டிருந்தாள்.

அச்சன் மாத்திரைகளை மேசையில் வைத்தார்.

"செரி. இப்பம் நான் கேட்டேன். இனி நான் பேசலாம்." ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. "ஆலீஸே, எனக்கு சர்க்கரைதான் வந்துது. நாக்கு சாவல்ல. முதல் நாள் காப்பியிலேயே எனக்குத் தெரியும். சீனி வேற, கருப்பட்டி வேறன்னு நானும் சொல்லிக்கிட்டேன். சிஸ்டர் கேட்டப்பம் வாயத் தொறக்காம இருந்தேன். கிருபாபாய்க்க காரியம் காதில விழுந்துது, அப்பமும் இருந்தேன். நீ ஒரு தரம் பொய் சொன்ன. நான் தெனமும் குடிச்சேன்."

அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்ததால் ஒன்றும் பாதியாகிவிடவில்லை. மடத்துக்கு ஓடினாள்.

சிஸ்டர் ஜெபமலர் கேட்டு முடித்ததும் முதலில் டாக்டருக்கு போன் செய்தார். மாத்திரை குறைக்கப்பட்டது. பிறகுதான் ஆலீஸின் பக்கம் திரும்பினார். அவள் திட்டுக்காகக் காத்து நின்றாள். திட்டும் கிடைத்தது, நன்றாகவே கிடைத்தது. கடைசியில் சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வந்து சொல்லித்தாறேன்னேன். வரேல்ல" என்றார்.

அந்த வாரம் சிஸ்டர் உண்மையாகவே குசினியில் வந்து உட்கார்ந்தார். ஆலீஸ் கோதுமைக் கஞ்சிப் பாத்திரத்தைக் காட்டினாள். சிஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"இத நானே திங்கமாட்டேன். அவருக்கு என்ன பிடிக்கும்?"

"புட்டு. கிழங்கு. தீயல்."

"அதையே வை. அளவையும் கூடச் சேக்குததையும் மாத்து, போதும்."

ஆலீஸ் இதுவரை இரண்டு சமையல்தான் இருப்பதாக நினைத்திருந்தாள்: ஆசைக்குச் சமைப்பது, தண்டனைக்குச் சமைப்பது. நடுவில் ஒன்று இருக்கிறது என்று அந்த மாதத்தில் கற்றுக்கொண்டாள். புட்டுமாவில் பாதிக்குப் பாதி முருங்கைக்கீரையை உருவிப் போட்டுப் பிசைந்தாள். பழத்துக்குப் பதில் அவித்த பயறு. கிழங்கு நாலு துண்டு மட்டும், ஆனால் கூட மீன் இரண்டு மடங்கு. சாளை மீனைப் பொரிக்காமல் குடம்புளி போட்டு மண்சட்டியில் வற்ற வைத்தாள். தீயலுக்குத் தேங்காயைப் பாதியாக்கி, சின்ன உள்ளியை அதிகமாக்கி, நிதானமாக வறுத்தாள், வாசனை குறையவில்லை. தவிடு போகாத சிவப்பரிசி, ஒரு சிறிய கிண்ணம்; சுற்றிலும் கீரையும், கொஞ்சம் தேங்காய் தூவிய புடலங்காய்த் துவரனும். காப்பிதான் கடைசிவரை சரிவரவில்லை. சுக்கும் மல்லியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுப் பார்த்தாள். அச்சன் குடித்துவிட்டு, "இது காப்பி இல்ல. ஆனா குடிக்கலாம்" என்றார்.

கால் புண் மெல்ல மூடியது. நீல மருந்துத் தண்ணீர் பச்சையோடு நிற்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை அது அடுப்பில் கொதிக்கும்போதும் ஆலீஸ் குசினியை விட்டு வெளியே போய் நின்றுவிடுவாள்.

கிருபாபாயின் வீட்டுக்குப் போவதற்கு அவளுக்கு இன்னும் சில நாள் ஆயிற்று. கிருபாபாய் சந்தைக்கு வெண்டைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆலீஸ் நின்றபடியே சொன்னாள். கிருபாபாய் கட்டுவதை நிறுத்தவில்லை.

"நீ வந்து சொன்னது நல்லது. ஆனா ஆலீஸ், நீ இஞ்ச எனக்க வீட்டில சொல்லுத. எனக்க பாத்திரம் திரும்பினது எல்லாருக்க முன்னாலயுமாக்கும்."

 அடுத்த ஜெபக்கூட்டத்தில், ஜெபமாலை முடிந்து பெண்கள் எழுந்துகொள்ளும்போது, ஆலீஸ் முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.  சிலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சிலர் அதற்குப் பிறகு பல மாதம் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. மேடையில் ஆளை மாற்றவேண்டும் என்று பங்குக் கமிட்டியில் ஒருவர் பேசினார். அச்சன், "அவளை மாத்தினா என்னையும் மாத்தணும்" என்று சொன்னதாகக் கப்பியார் வந்து சொன்னார். கிருபாபாய் பூசைக்குத் திரும்ப வந்தாள். ஆலீஸைப் பார்த்தால் தலையசைப்பாள். இலையப்பம் மட்டும் பிறகு கொண்டுவரவே இல்லை. அது ஆலீஸுக்கு உள்ளே ஒரு முள்ளாகவே தங்கிவிட்டது.

தொண்ணூற்றெட்டில் விஜயதாஸ் அச்சனுக்கு அம்பூரிப் பக்கம் ஒரு சின்னப் பங்குக்கு மாற்றல் வந்தது. சாமான்கள் ஏற்றிய ஜீப்பில் ஆலீஸும் போனாள். அங்கே குசினியில் சுயம்பு என்றொருவன் இருந்தான். முன்பு ஹோட்டலில் நின்றவன், சுறுசுறுப்பானவன். அவனிடம் அவள் புட்டையும் தீயலையும் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, அவன் கேட்காமலேயே, தான் செய்ததையும் சொன்னாள். அச்சன் பூசையில் விழுந்ததையும் விடாமல் சொன்னாள்.

சுயம்பு கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"இத எதுக்குச் சேச்சி என்கிட்ட சொல்லுதீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரியணும். அவரு தட்டத் தள்ளிவைப்பாரு. ஒண்ணும் சொல்லமாட்டாரு. அப்பம் ஒனக்கு மனசு உருகும்."

"உருகினா?"

"உருகட்டு. உருகினா சிஸ்டர்ட்டயோ டாக்டர்ட்டயோ போய்ச் சொல்லு, இன்ன மாதிரி திங்கமாட்டேங்குதாருன்னு. என்ன போட்டாலும் அவர்ட்ட சொல்லிட்டுப் போடு. நிறுத்தினாலும் சொல்லிட்டு நிறுத்து."

சுயம்பு சரியென்று தலையாட்டினான். வாசலில் அச்சன் யாரோ ஊர்க்காரரோடு பேசும் சத்தம் கேட்டது. கனத்த குரல், இப்போது கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆலீஸ் அவரிடம் போய் முட்டிபோட்டு ஆசீர்வாதம் வாங்கினாள்.  காட்டாக்கடை போகும் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. ஊரில் மேடைக்குப் புது அச்சன் சாயங்காலம் வந்துவிடுவார். அவருக்கு என்ன சுகக்கேடு உண்டு, என்ன ஆகாது என்று வந்ததும் முதலில் கேட்டுவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் ரோட்டுக்கு இறங்கினாள்.